லேப் ஆளுக்கு மலாவியில் என்ன வேலை

ராயபுரத்தில் எங்க தெருவில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சிங்கம் பாத்தியா தம்பி?" பார்க்கவில்லை. நான் போனது ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி. ஏரிப்பக்கம் ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத லேப் டெக்னீஷியன் வேலை. காலையில் எழுந்தால் லேப், நடுராத்திரி கதவைத் தட்டினாலும் லேப். சிங்கத்துக்கு எங்கே நேரம்?

மிஷன் ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று நம்ம ஏரியாக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியைப் பார்த்திருக்கிறோம். ரெய்னியைத் தொடங்கியது ஸ்காட்லாந்து மிஷனரிகள். மலாவியிலும் 1875-லேயே லிவிங்ஸ்டோனியா மிஷன் என்று போய் இறங்கியவர்கள் அவர்கள்தான். நான் இருந்த இடம் வேறு சபையுடையது, ஆனாலும் அதே நீள வராந்தா, அதே காலை ஜெபம், ஜெபம் முடிந்ததும் ஓ.பி.யில் அதே தள்ளுமுள்ளு.

மலேரியாவும் நமக்குப் புதுசில்லை. கார்ப்பரேஷன் ஆள் வந்து மொட்டை மாடித் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான். ஆனால் சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற மலேரியா வகை. ஆளைப் படுத்தி எடுக்கும், உயிரை எடுப்பது குறைவு. அங்கே இருப்பது ஃபால்சிபாரம், உயிரை எடுக்கும் வகை. நவம்பர் வாக்கில் மழை தொடங்கி ஏப்ரல் வரை போகும், அந்த மாதங்களில் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். இங்கே ஒரு ஒட்டுண்ணியைப் பிடிக்க ஸ்லைடை நகர்த்தி நகர்த்திக் கண் வலிக்கும். அங்கே மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்த முதல் இடத்திலேயே ஒரே சிவப்பணுவுக்குள் இரண்டு மூன்று ஒட்டுண்ணிகள் மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் மலேரியா டெஸ்ட் கிட் போட்டால் 15, 20 நிமிஷத்தில் கோடு வந்துவிடும், சரி, ஆனால் மருந்து சாப்பிட்டுக் குணமான பிள்ளைக்கும் சில வாரம் வரை அந்தக் கோடு வந்துகொண்டே இருக்கும் என்பதால் மைக்ரோஸ்கோப்பை மூட்டை கட்ட முடியாது. முதல் மலேரியா தடுப்பூசியை 2019 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் போட ஆரம்பித்த முதல் நாடு மலாவி என்பதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே நிறைய பேருக்குத் தெரியவில்லை.

ராத்திரி கூப்பிடுவது பெரும்பாலும் ரத்தத்துக்குத்தான். மலேரியாவில் பிள்ளையின் ஹீமோகுளோபின் 3-க்கு இறங்கியிருக்கும், உள்ளங்கை காகிதமாக வெளுத்திருக்கும், மூச்சு வாங்கும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் அந்த குரூப் இருக்காது. அப்போது சொந்தக்காரர்களை எழுப்புவார்கள். ஒரு ராத்திரி தாய்மாமன் சைக்கிளில் வந்தார், மழையில் முழுசாக நனைந்து. செவா மக்கள் தாய்வழிக் கணக்குக்காரர்கள், அக்கா பிள்ளை விஷயத்தில் மாமன் சொல் பெரிய சொல், நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். அவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் எல்லாம் பார்த்து, குரூப் பார்த்து, இரண்டு பேர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் போடும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டாலும் முதலில் ஆக்ஸிஜன் மெஷினுக்குத்தான், லேப் அப்புறம். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ட்யூபை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், கட்டி தட்டவில்லை, ஒத்துப்போகிறது. ரத்தம் கொடுத்து முடித்த மாமன் கேட்டது ஒரு ஃபாண்டா.

கரண்ட் கதை அங்கே தனிக் கதை. நாடே ஷிரே ஆற்று நீர்மின்சாரத்தை நம்பி இருக்கிறது. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா அணையை உடைத்ததும் ஊரெல்லாம் இருட்டான கதையை இப்போதும் சொல்கிறார்கள். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இந்தக் கவலையே புதுசு.

உண்மையில் அந்த ஆஸ்பத்திரியில் பாதி வேலையைச் செய்வது நோயாளிகளோடு வரும் ஆட்கள்தான். கார்டியன் என்பார்கள். துணி துவைப்பது, கழுவி விடுவது, சோறு ஊட்டுவது, நர்ஸைக் கூப்பிட ஓடுவது எல்லாம் அவர்கள். வளாகத்தின் பின்பக்கம் அவர்களுக்கென்று ஒரு சமையல் கொட்டகை, மூன்று கல் அடுப்பில் மக்காச்சோள மாவைக் கிண்டி ந்சிமா செய்வார்கள், நம்ம களிதான். தொட்டுக்கொள்ள உசிபா என்ற ஏரி மீன் கருவாடு. முதல் நாள் அந்த வாசனை வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டேன், காசிமேட்டு மூக்கு சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற ஜெர்மன் பெண் முகத்தை மூடிக்கொண்டு நகர்ந்தது வேறு விஷயம்.

தொண்டு செய்யப் போனவன் என்று என்னை இங்கே கொஞ்சம் ஏற்றிப் பேசுகிறார்கள். சிசேரியன் செய்வது அங்கே பெரும்பாலும் டாக்டர்கூட இல்லை, மூன்று வருஷம் படித்து ஒரு வருஷம் பயிற்சி முடித்த கிளினிக்கல் ஆபீசர்கள். நாங்கள் கிளம்பிய பிறகும் ராத்திரி எழுந்து ஓடப்போவது அவர்கள்தான். இரண்டு வாரம் வந்து வார்டில் போட்டோ எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு நர்ஸ் கூடவே சுற்ற வேண்டியிருக்கிறது, அது ஆஸ்பத்திரிக்கு நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

லேப் பசங்க சிலர் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், மூன்று மாதத்துக்குக் குறைந்தால் வேண்டாம். மலேரியாத் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் திரும்பி வந்த பிறகும் 4 வாரம் விடாமல் போடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அவர்களுடைய மைக்ரோஸ்கோப் எந்த மாடல் என்று கேட்டு, அதற்குப் பல்பு இங்கேயே வாங்கிப் பெட்டியில் வையுங்கள். சாக்லேட்டை எல்லாரும் கொண்டு போகிறார்கள்.