பிரேக் மிதித்தால் ஸ்பீடோமீட்டர் விளக்கு எரிந்தது

என் பழைய பைக்கின் வயரிங்கை முழுக்கப் புதிதாகப் போட்டேன். பழைய ஒயரைக் கத்தரிப்பதற்கு முன் உருப்படியாகச் செய்த ஒரு வேலை, ஒவ்வொரு முனையையும் படம் எடுத்துச் சீட்டு கட்டி வைத்தது. அறுபது வயதைத் தாண்டிய வண்டி. ஒயரின் மேலுறை தொட்டாலே சருகாக உதிர்ந்தது. எல்லா நிறமும் ஒரே பழுப்பாகிவிட்டது. எது எங்கே போகிறது என்று மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் (இரண்டு முனையும் ஒரே ஒயர் என்றால் அது கத்தும்). நடுவில் யாரோ வீட்டு ஒயரை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தார்கள், மூன்று இடத்தில்.

வண்டி 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ்தான் ஃபிரேமுக்குப் போகும்; அந்த ஃபிரேமே எல்லா விளக்குக்கும் பொது ஒயர் மாதிரி, அதுதான் எர்த். பழக்கதோஷத்தில் மாற்றிக் கட்டிவிடக் கூடாது என்று பேட்டரிப் பெட்டியிலேயே எழுதி ஒட்டினேன்.

6 வோல்ட்டை 12 ஆக மாற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். ஆனால் ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 30 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 5 ஆம்பியர். வழியில் அரை வோல்ட் தொலைந்தாலே பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரையிலும் ஹெட்லைட்டுக்கும் 2 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒயர், சின்ன பல்புகளுக்கு 1.

ஒயரை மேசையில் அளக்காமல் வண்டி மேலேயே படுக்கப்போட்டு அளந்தேன். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, கழுத்துப் பகுதியில் தாராளமாகத் தொய்வு விட்டேன். முனைகளுக்குச் சால்டர் (ஈயப் பற்று) வைக்கவில்லை, உலோக முனையை இறுக்கி நசுக்கும் கிரிம்ப்தான். சால்டர் ஒயரின் கம்பி இழைகளுக்குள் ஏறி விறைத்துக்கொள்ளும். எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பில்தான் ஒயர் ஒடியும். ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை (சூடு பட்டால் சுருங்கி ஒயரைப் பிடிக்கும் உறை) முதலில் மாட்டாமல் கிரிம்ப் செய்துவிட்டு, நான்கு முறை முனையை வெட்டிப்போட்டது தனிக் கதை.

முதல் முறை பேட்டரியைக் கொடுக்கும்போது, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 21 வாட் பல்பைக் கோத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், ஒயர் தப்பிக்கும். எரியவில்லை. சரி, தேறிவிட்டது என்று ஃபியூஸைப் போட்டேன்.

அப்புறம்தான் வேடிக்கை. பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒன்றும் எரியவில்லை, ஸ்பீடோமீட்டர் பல்ப் மங்கலாக எரிகிறது! ஸ்விட்சைக் கழற்றினேன், வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது. தப்பு ஒயரில் இல்லை, பெயின்ட்டில். புதிதாகப் பெயின்ட் அடித்த பின்பக்க மட்கார்டில், அந்தப் பெயின்ட் மின்சாரத்தைத் தடுத்ததால் டெயில் லேம்ப்புக்கு எர்த் கிடைக்கவில்லை. அந்த பல்புக்குள் டெயிலுக்கும் பிரேக்குக்கும் தனித்தனியாக எரியும் இழை (ஃபிலமென்ட்), எர்த் மட்டும் பொது. அது இல்லாததால் பிரேக் இழை, டெயில் இழை, டெயில் ஒயர், அதிலிருந்தே பிரியும் ஸ்பீடோ பல்ப் என்று சுற்றிவளைத்து எர்த்தைப் பிடித்திருக்கிறது.

பெயின்ட்டைச் சுரண்ட மனம் வரவில்லை. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் ஒயர் இழுத்து, ஃபிரேமில் ஒரே போல்ட்டில் சேர்த்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினேன்.

இப்போது பேட்டரியில் 6.2 இருக்கும்போது ஹெட்லைட் முனையில் 6.0 வருகிறது. பழைய வயரிங்கில் அதே இடத்தில் 4.9. அந்த மங்கல் வெளிச்சத்துக்காக நான் மூன்று பல்பை மாற்றியிருந்தேன்.