எத்தனை பர்சன்ட்?

இதயக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஆஞ்சியோகிராம் முடிந்து, அதை எடுக்கிற கேத் லேப் கதவைத் திறந்தால், வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை பிளாக்கு தம்பி? எத்தனை பர்சன்ட்?" நான் டெக்னீஷியன். ரிசல்ட் சொல்வது என் வேலை இல்லை, சொல்லவும் கூடாது. "டாக்டர் கூப்பிட்டுப் பேசுவார்" என்று நகர்ந்துவிடுவேன். ஆனால் தென் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷமாக இதே வேலை பார்த்ததில், அந்தப் பர்சன்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையச் சேர்ந்துவிட்டது. அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் போகிறார்கள்.

உள்ளே நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள் ஷீத் என்ற சின்ன நுழைவுக் குழாய் ஒன்றை வைப்பார்கள். அதன் வழியாக 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கதீட்டர் என்கிற நீளமான குழாய் கை, தோள் என்று ஏறி மகாதமனியின் அடிக்கு வந்து சேரும். மகாதமனி இதயத்தை விட்டு வெளியே வந்த உடனேயே, வால்வுக்குச் சற்று மேலே, இதயத்துக்கென்று இரண்டு கிளைகள் பிரிகின்றன. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிற தசை, தன் பங்கை முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறது. இடது கிளை கொஞ்ச தூரத்திலேயே எல்ஏடி, சர்கம்ஃப்ளெக்ஸ் என்று இரண்டாகப் பிரியும். வலது கிளை ஆர்சிஏ. 'ட்ரிபிள் வெசல்' என்று ரிப்போர்ட்டில் எழுதினால், இந்த மூன்றிலும் அடைப்பு என்று அர்த்தம். கதீட்டர் நுனியை ஒவ்வொரு கிளையின் வாயிலும் வைத்து, அயோடின் கலந்த டையைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் படம் ஓட்டுவோம். டை போகும் வழி கறுப்பாகத் தெரியும். எங்கே அது மெலிகிறதோ அங்கே அடைப்பு.

இந்தப் படத்தை முதன்முதலில் எடுத்ததே ஒரு தற்செயல். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் மகாதமனியைப் படம் எடுக்கப் போக, கதீட்டர் நுனி நழுவி வலது இதயத்தமனிக்குள் போய்விட்டது. டை முழுக்க அதற்குள் இறங்கியது. நேரடியாக அங்கே டை போனால் ஆள் பிழைக்க மாட்டார் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். இதயம் நின்றே போனது. சோன்ஸ் நோயாளியை இருமச் சொன்னார். இருமினார், துடிப்பு திரும்பியது. இன்றைக்கும் டை போட்டதும் மானிட்டரில் துடிப்பு தாழ்ந்தால், "ஐயா, நல்லா இருமுங்க, இன்னொரு தடவை" என்றுதான் நாங்கள் கத்துகிறோம். ஏன் இருமச் சொல்கிறார்கள் என்று தெரியாமலேயே எல்லாரும் இருமுகிறார்கள்.

சரி, பர்சன்ட்டுக்கு வருவோம். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் ஓரிடத்தில் ஒன்றரை மில்லிமீட்டராகக் குறுகியிருந்தால் 50 சதவீத அடைப்பு. இது விட்டத்தைப் பார்த்துச் சொல்வது. ரத்தம் போகிற பரப்பைக் கணக்கிட்டால் அதே இடம் 75 சதவீத அடைப்பு. விட்டத்தில் 70 என்பது பரப்பில் 91. ஒரே குழாய், ஒரே இடம், இரண்டு எண். ரிப்போர்ட்டில் வழக்கமாக எழுதுவது விட்டத்து எண். அதையும் பெரும்பாலும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை, கண்ணளவுதான். மெஷினில் அளக்கும் வசதி இருக்கிறது, கதீட்டரின் தடிமனையே அளவுகோலாக வைத்து அது கணக்குப் போட்டுத் தரும். அவசரத்தில் யார் அதைச் செய்கிறார்கள்? ஒரே ஆஞ்சியோ படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒருவர் 60 என்றும் இன்னொருவர் 80 என்றும் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள். குடும்பம்தான் குழம்பிப்போய், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவோடு மூன்றாவது ஆஸ்பத்திரிக்குப் போனது.

எண் சரியாகவே இருந்தாலும் அது முழுக் கதையைச் சொல்வதில்லை. எனக்கு மறக்காத ஒருவர் உண்டு. பனையேறி, வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முந்தைய வருஷம் வரை மரம் ஏறியவர். "மூச்சு கொஞ்சம் வாங்குது தம்பி, வேற ஒண்ணும் இல்ல" என்றுதான் வந்தார். படம் எடுத்தால் ஆர்சிஏ நூறு சதவீதம் மூடிக் கிடக்கிறது. டை ஒரு சொட்டுகூட முன்னால் போகவில்லை. ஆனால் இடது பக்கம் டை போட்டபோது, அங்கிருந்து நூல் நூலாகக் கிளைகள் கிளம்பி, மூடிக் கிடந்த வலது குழாயைப் பின்பக்கமாக நிரப்பின. பல வருஷமாக மெல்ல மெல்ல மூடியதால், இதயம் அதற்குள் பக்கவழி வளர்த்துக்கொண்டுவிட்டது. அவர் பையனிடம் டாக்டர் "நூறு பர்சன்ட்" என்று சொன்னதும் அந்தப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே அப்பா படுத்துக்கொண்டு காபி எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு நேர் எதிர், ராத்திரி வருகிற கேஸ்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். நாற்பதுகளின் கடைசி. சில மாதம் முன்னால்தான் மாஸ்டர் செக்கப்பில் டிரெட்மில் ஓடி 'நார்மல்' வாங்கியிருந்தார். சாப்பிட்டதும் நெஞ்சு கரிக்கிறது, வாயுத் தொல்லைதான் என்று சோடா குடித்துப் பார்த்திருக்கிறார். வியர்த்துக் கொட்டியதும் மனைவி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக, இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கிற அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு இப்படி மாத்திரை போட்டுக்கொண்டே வருகிறவர்களைப் பார்க்க முடிகிறது. எனக்குத் தெரிந்து உருப்படியான திட்டங்களில் ஒன்று. படம் எடுத்தால் எல்ஏடி ஆரம்பத்திலேயே டை நின்றுவிட்டது. வயரை உள்ளே விட்டு ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்ததும் ஓட்டம் திரும்பியது. "நெஞ்சு லேசாயிருச்சு சார்" என்றார். கட்டிக்கு அடியில் இருந்த பழைய அடைப்பு பார்வைக்கு 40, மிஞ்சினால் 50 இருக்கும்.

அந்த டிரெட்மில் ரிப்போர்ட் பொய்யா என்று அவர் மனைவி கோபமாகக் கேட்டார். பொய் இல்லை. ஓடும்போது ரத்தம் போதாமல் போகிற அளவுக்குக் குறுகல் இருந்தால்தான் டிரெட்மில்லில் தெரியும். அவருக்கு அந்த அளவு இல்லை. தண்ணீர்க் குழாயின் உள்பக்கம் உப்புப் படிவதுபோல இந்த அடைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கடைசியில் மூடிக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். டாக்டர்களே நோயாளிக்கு அப்படித்தான் படம் போட்டுக் காட்டுகிறார்கள். உண்மையில் கொழுப்பு சேர்வது குழாயின் சுவருக்குள்ளே. அதன்மேல் மெல்லிய மூடி ஒன்று இருக்கும். சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்து உள்ளே அழற்சியை உண்டாக்கி அந்த மூடியை இளக்கிவிடும். அது கிழிந்தால் உள்ளே இருக்கிற சரக்கு ரத்தத்தின்மேல் படும். காயம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைய ஆரம்பிக்கும். நிமிஷக் கணக்கில் குழாய் மூடிவிடும். பக்கவழி வளர்க்க இதயத்துக்கு நேரமே இல்லை. மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோ படங்களை எடுத்துப் பார்த்து, பல பேருக்கு அந்த இடத்தில் முன்பு 50 சதவீதத்துக்கும் குறைவான அடைப்புதான் இருந்தது என்று 1980-களின் கடைசியிலேயே ஆய்வுகள் வந்துவிட்டன. பெரிய அடைப்பு ஆபத்தில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொன்றாக எடுத்தால் பெரியதுதான் ஆபத்து. ஆனால் சின்ன அடைப்புகள் எண்ணிக்கையில் அதிகம், எது எப்போது கிழியும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அப்படியானால் 70, 80 என்று வந்தவர்களுக்கு ஏன் மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது? இதை எனக்கு எங்கள் சீனியர் டாக்டர் ஒருவர் இரண்டு கேஸுக்கு நடுவே, டீ ஆறிக்கொண்டிருக்க, விளக்கினார். இதயம் சுருங்கும்போது தன் இடது பக்கத் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெருக்கிக்கொள்கிறது. அதனால் அந்தத் தசைக்குப் போகிற ரத்தத்தில் பெரும்பகுதி, இதயம் விரிந்து ஓய்வெடுக்கிற அரை விநாடியில்தான் போகிறது. படி ஏறினால் துடிப்பு கூடும், அந்த ஓய்வு நேரம் குறையும். தேவை கூடுகிற அதே நேரத்தில் வரத்து குறைகிறது. இன்னொன்று, மற்ற தசைகள் ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும், அவசரத்துக்கு மீதியை எடுத்துக்கொள்ளும். இதயத்தசை சும்மா இருக்கும்போதே முக்கால்வாசியை எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம்தான் வர வேண்டும். துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரையை ஏன் எழுதுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கண்ணளவுக்குப் பதிலாக, நுனியில் அழுத்தம் அளக்கும் சென்சார் வைத்த ஒரு வயர் உண்டு. அடைப்பைத் தாண்டி அதை அனுப்பி, மருந்து கொடுத்துக் குழாய்களை விரியச் செய்து, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை ஒப்பிட்டால் ஒரு எண் வரும். 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது. எங்களிடம் பார்வைக்கு 70 என்று தெரிந்த ஒன்று அளந்ததில் 0.86 வந்து, குழாயை விரித்து வைக்கிற கம்பி வலையான ஸ்டென்ட் வைக்காமலே மாத்திரையோடு அனுப்பியதுண்டு. அந்த வீட்டார் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார்கள். "இவ்வளவு செலவு பண்ணி ஒண்ணும் வைக்கலையா" என்று! வயரின் விலை காரணமாக எல்லாருக்கும் இதைச் செய்ய முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்து, மருந்து பூசியதை 29,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் லட்சத்தைத் தாண்டிய பில்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டென்ட் வைத்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. நடந்தால் மட்டும் வலி, உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நிதானமாக இருக்கிறவர்கள் கதை வேறு. 2007-ல் வந்த கரேஜ், 2020-ல் வந்த இஸ்கீமியா ஆகிய பெரிய ஆய்வுகளில், இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வலியைக் குறைத்ததே தவிர, நல்ல மாத்திரை வைத்தியத்தைவிட அதிகமாக மரணத்தைத் தடுக்கவில்லை. இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்கள், இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிற பம்பிங் அளவு மோசமாகக் குறைந்தவர்கள் போன்றோருக்கு இந்த முடிவு பொருந்தாது, அவர்களை அந்த ஆய்வுகளில் பொதுவாகச் சேர்க்கவில்லை.

பம்பிங் என்றதும் நினைவு வருகிறது. இது இரண்டாவது பர்சன்ட் குழப்பம். இதயத்தை ஸ்கேன் செய்து இந்தப் பம்பிங்கைப் பார்க்கிற எக்கோ அறை எங்கள் அறைக்குப் பக்கத்தில்தான். ஒரு தடவை ஒரு டீச்சரம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். "அவருக்குப் பம்பிங் 60-தான் இருக்காம் தம்பி. 40 போயிருச்சே!" எங்கேயும் போகவில்லை. இடது கீழறையில் நிரம்புகிற ரத்தம் சுமார் 120 மில்லி, ஒரு துடிப்பில் வெளியே போவது 70 மில்லி. கணக்குப் போட்டால் 58 சதவீதம். எந்த நல்ல இதயமும் முழுசாகக் காலி செய்வதில்லை, 55-க்கு மேல் இருந்தாலே நார்மல். அந்த 70 மில்லியை நிமிஷத்துக்கு 70 துடிப்பால் பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர், உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமும் அவ்வளவுதான். 1628-ல் வில்லியம் ஹார்வி இதே மாதிரி ஒரு பெருக்கல் போட்டுத்தான், இவ்வளவு ரத்தத்தை உடம்பு புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்க முடியாது, அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது என்று நிறுவினார். டீச்சரம்மா கணக்கு டீச்சர். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று என்னைத் திட்டினார்.

ஸ்டென்ட் வைத்த பிறகு வருகிற பூஜ்யம்தான் எல்லாவற்றிலும் மோசம். 'முன்பு 90, இப்போது 0' என்று ரிப்போர்ட்டில் இருக்கும். படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். பூஜ்யம் என்றால் நோய் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். ஸ்டென்ட் ஒரு உலோகக் கம்பி வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும் வரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான், எப்போது வேண்டுமானாலும் உறையலாம். அதனால்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து, சாதாரணமாக ஆறு மாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு வருஷம் என்று எழுதுகிறார்கள். அப்புறம் மற்ற இரண்டு குழாய்களின் சுவரில் இருக்கிற கொழுப்பை ஸ்டென்ட் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத்தான் கொழுப்பு மாத்திரை, அது நாள் கணக்கு இல்லாமல் தொடர்வது. "அதான் அடைப்பை எடுத்தாச்சே தம்பி" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். எடுக்கவில்லை ஐயா, சுவரோடு நசுக்கி வைத்திருக்கிறோம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

பல் பிடுங்கப் போகிற இடத்தில் சொன்னார்கள் என்றுகூட நிறுத்துகிறார்கள். எங்கள் டாக்டரைக் கேட்காமல் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அட்டையில் சிவப்பு மையில் எழுதச் சொல்லி நர்ஸ் அக்காவிடம் கேட்டிருந்தேன். இப்போது தவறாமல் எழுதுகிறார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் மெடிக்கல் கடைக்காரரைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை.