மோர்ரும் ஆற்றில் ஒரு மெலிந்த ட்ரவுட்

முதலில் அந்தப் பஸ்ஸைத் திட்டிவிடுகிறேன். ஸ்வீடனின் மால்மோ நகரத்திலிருந்து ரயிலில் கிழக்கே போனால், நான் மீன்பிடிக்கப் போன மோர்ரும் ஊர் அப்படியொன்றும் தூரமில்லை, ஆனால் தண்டவாள வேலை என்று பாதி வழியில் எல்லோரையும் இறக்கிவிட்டு மாற்றுப் பஸ் வரும் என்றார்கள். வந்தது, ஒரு யுகம் கழித்து, ஏற்கெனவே நிரம்பி. தூண்டில் கழி வைத்த குழாயை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரரிடம் ஸாரி சொல்லிக்கொண்டே போனேன். எரிச்சல் பஸ்ஸோடு போகவில்லை. மீன்பிடிக்க நாள் சீட்டு முன்பே வாங்கியாயிற்று, மதியம் போய்ச் சேர்ந்தாலும் முழுக் காசுதான். ஸ்வீடனில் காபி குடிக்கவே மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறவன் நான்.

சரி, ஆற்றுக்கு வருவோம். தெற்கு ஸ்வீடனில் ஸ்மோலாந்து வட்டார ஏரிகளின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு பிளேக்கிங்கே வட்டாரம் வழியாக பால்டிக் கடலில் விழுகிற மோர்ரும் ஆறு, கடல் ட்ரவுட்டுக்கும் (கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் சால்மன் குடும்பத்து மீன்) சால்மனுக்கும் பேர்போனது. ஏப்ரலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கொஞ்ச நேரத்தில் கால் இருப்பதே தெரியாது. “இன்னும் ரெண்டு எட்டு உள்ளே போடா” என்று நண்பன் கரையில் நின்று சொல்வான், அவனுக்கென்ன.

சாயங்காலம் என் தூண்டிலில் ஒரு கடல் ட்ரவுட் மாட்டியது. என்ன இழுப்பு! வலையில் எடுத்துப் பார்த்தால் கை நீளம் இருக்கிறது, வயிறு ஒட்டிக் கிடக்கிறது, தலை மட்டும் பெரிசு. இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு, குளிர்காலத்தை ஆற்றிலேயே ஓட்டி, இப்போது பட்டினியோடு கடலுக்குத் திரும்புகிற மீன் அது. கடலுக்குப் போகுமுன் மேலே வெள்ளிப் பளபளப்பு வந்துவிடுவதால் போட்டோவில் புது மீன் மாதிரியே தெரியும். இதைப் பிடித்துக் கொல்வது அபத்தம். தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள், பிழைத்தால் திரும்பவும் வந்து முட்டையிடும்.

விடுவதற்குள், கரையில் ஆய்வுக்காக மாதிரி சேகரித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி வந்து நாலைந்து செதிலை மட்டும் எடுத்துக்கொண்டார். நுண்ணோக்கியில் காட்டினார் பாருங்கள், பஸ், காசு எல்லாம் மறந்தே போச்சு! மரத்துக்கு இருப்பதுபோல் செதிலிலும் வளையங்கள். நடுவில் நெருக்கமாக இருப்பது குஞ்சாக ஆற்றில் வளர்ந்த வருஷங்கள், அப்புறம் சட்டென்று அகலமாவது கடலில் ஹெர்ரிங், ஸ்ப்ராட் என்ற சின்ன மீன்களைத் தின்று கொழுத்த காலம், ஓரம் அரித்த மாதிரி இருந்தால் அது முட்டையிட வந்ததன் தடம். ஆற்றிலேயே தங்கிவிடும் பழுப்பு ட்ரவுட்டும் இந்தக் கடல் ட்ரவுட்டும் ஒரே இனம்தானாம். கடலுக்குப் போவதில் பெண் மீன்கள்தான் அதிகம், உடம்பு பெருத்தால் முட்டையும் பெருகுமே. சில மீன்களின் வயிற்றுக்குள் சின்ன ஒலிக்கருவி வைத்துத் தைத்துவிட்டு, வழியெங்கும் தண்ணீருக்கடியில் கேட்கும் கருவிகளைப் போட்டு, எது எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். நிறைய தொலைவது அணைக்கட்டுகளில். இந்த ஆற்றிலேயே மாரிபெரி அணையை 2020இல் இடித்துத் தள்ளினார்கள், நல்ல காரியம்.

சாப்பாடு? க்ரொப்காக்கா! உருளைக்கிழங்கு மாவுக்குள் பன்றி இறைச்சியும் வெங்காயமும் வைத்து வேகவைத்த உருண்டை, மேலே உருகிய வெண்ணெய், பக்கத்தில் புளிப்பாக லிங்கன்பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் பழம். பயணத்திலேயே கொடுத்த காசுக்கு முழுசாகத் தகுந்தது இதுதான்.

செலவுக் கணக்கை வரிசையாகப் போடுவதாக இருந்தேன், இடம் போய்விட்டது. தண்ணீரில் இறங்கும் ரப்பர் உடுப்பை மட்டும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மெலிந்த மீன் வேண்டாம், சால்மன்தான் வேண்டும் என்றால் ஜூனில் போங்கள்.