கைத்தூண்டிலோடு ஏழு மாதம்

வைகாசிக் கடைசியில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் முதல் தடவை தூண்டில் எறிந்தேன். இப்போது மார்கழி. இதுவரை பிடித்தவை முப்பது மீன்கூட வராது. அதிலும் பெரும்பங்கு புரட்டாதிக்குப் பிறகு வந்தவை. முந்தின மாதங்களில் என்ன பிழை விட்டேன் என்பதை மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு மாதமும் சாமான்களில்தான் கவனம். தடித்த தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), பெரிய தூண்டில் முள், கனத்த ஈயம் என்று வாங்கிக் குவித்தேன். இங்கத்தைய பரவைக்கடல், அதாவது களப்பு, பல இடங்களில் இடுப்பளவுதான். அங்கே கனத்த ஈயம் நேரே சாதாளை என்னும் கடற்புல்லுக்குள் போய்ப் புதையும். இழுத்தால் பச்சையாக ஒரு பிடி புல் வரும், மீன் வராது.

ஆடியில், சோளகம் என்னும் தென்மேல் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் சொன்னார்: “தம்பி, உந்தப் பக்கம் நிண்டு எறிஞ்சால் காத்து தங்கூசியை வில்லுப்போல வளைச்சுப்போடும். மீன் கொத்தினது உம்மட விரலுக்கு எப்பிடித் தெரியும்? காத்துக்கு முதுகைக் காட்டி நில்லும்.”

பாலத்தின் மற்றப் பக்கம் போனேன். தண்ணீர் கலங்கல் இல்லாமல் இருந்தது, தங்கூசி நேராக நின்றது. அன்றைக்குத்தான் விரல் நுனியில் முதல் கொத்தை உணர்ந்தேன். வந்தது ஒரு சின்னக் கீளி மீன். கையில் எடுத்ததும் ‘கர்ர், கர்ர்’ என்று சத்தம் போட்டது. செவுள் மூடியில் அதற்கு ஒரு முள் உண்டு. அசட்டையாகப் பிடித்தால் கிழித்துவிடும். அளவு போதாது என்று திரும்ப விட்டுவிட்டேன்.

ஓரா மீனுக்குத்தான் அதிகம் மினக்கெட்டேன். ஓராவின் முக்கியமான சாப்பாடு பாசியும் சாதாளையும். அதனால் இறால் துண்டை விட்டுவிட்டு, பாணின் நடுப்பகுதியைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கல்லில் சுரண்டிய பாசியைக் கலந்து கொண்டைக்கடலை அளவில் உருட்டினேன். வாய் சின்னன், அதனால் முள்ளும் 12ஆம் நம்பர். நம்பர் கூடக்கூட முள் சிறுக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஓரா விழுங்காது, நுனியில் கடித்துக் கடித்துப் பார்க்கும். மூன்றாவது கடியில் மெல்ல இழுத்தால் சரி. ஆவணியில் ஒரே காலையில் நாலு கிடைத்தன.

ஓராவின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். முதுகில் 13 முள், பின்பக்க அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு. எல்லாமே விஷ முள். எனக்குப் பெருவிரலில் ஒன்று ஏறி முழங்கை வரை வலித்தது. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் கையை அரை மணித்தியாலம் வைத்த பிறகுதான் தணிந்தது. இப்போது பழைய துவாய் ஒன்றால் தலைப்பக்கத்தைப் பொத்திப் பிடித்தே தூண்டில் முள்ளைக் கழற்றுகிறேன்.

கார்த்திகை மழைக்குப் பிறகு தொண்டைமானாற்றுப் பக்கம் போகத் தொடங்கினேன். அங்குள்ள தடுப்பணையின் கதவு திறந்து தண்ணீர் கடலுக்கு ஓடும்போது, நீரோட்டத்தின் இழுவைக்கு ஓரமாகச் சுழலும் இடத்தில் எறிய வேண்டும். அங்கே இறால்தான் இரை. நடு இழுவையில் எறிந்து இரண்டு தூண்டிலை இழந்திருக்கிறேன். சந்நிதி முருகன் கோயில் கரையில் மட்டும் எறிவதில்லை. அங்கே மனம் வராது.

வேட்டையைப் பற்றியும் ஒரு சொல். அப்பப்பா காலத்தில் செம்மணிப் பக்கம் வாத்துச் சுடப் போனவர்கள் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் பறவைகளைப் பாதுகாக்கிறது, பறவைகள் வந்து தங்கும் சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சுடமாட்டேன். வாடைக்காற்றோடு வரும் ஊசிவால் வாத்துகள் விடியப்புறம் கூட்டமாக இறங்கும்போது தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்க்கிறேன். பூநாரைகள் கிட்ட நின்றால் அந்த இடத்தில் எறியாமல் தள்ளிப் போகிறேன். அறுந்த தங்கூசி ஒரு முழம் கிடந்தாலே அவற்றின் காலில் சிக்கிவிடும். அதனால் என்னுடையதோ வேறு ஆருடையதோ, கண்ட தங்கூசியைப் பொறுக்கி ஒரு போத்தலுக்குள் போட்டுக்கொண்டு வருகிறேன். போத்தல் ஏற்கெனவே பாதி நிரம்பிவிட்டது.

தையில் அராலிப் பக்கம் திரளி மீனுக்கு முயல வேண்டும். மிதப்பு ஒன்று செய்து வைத்திருக்கிறேன், காய்ந்த பனை மட்டையில் சீவியது. நேற்று வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், நிமிர்ந்து நிற்கிறது.