சேதுக்கரையில் மூன்று பெயர்கள்

கார்த்திகையில் அய்யாவுக்குத் தலைத்திவசம் முடிந்தது. அடுத்து வரும் தை அமாவாசைக்குச் சேதுக்கரையில் நிற்பதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். முழங்கால் வலியைச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "உங்கய்யா ஊருக்கு வந்த நாளிலேருந்து ஒரு வருசங்கூட விட்டதில்ல. நீயும் விட்டுறாதப்பா."

அய்யா 1965-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1983-ல் ஹவில்தாராகத் திரும்பியவர். வந்தவர் திண்ணையில் உட்காரவில்லை. ஊருணிக் கரையில் சீமைக்கருவேலம் மண்டினால் முதல் வெட்டு அவருடையது. நவம்பர் பிறந்தால், பட்டாளத்தில் புருசனைப் பறிகொடுத்த அக்காமார்களையும் ஆத்தாமார்களையும் பென்சனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்கத் தன் செலவில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். வீட்டில் எங்கள் மூன்று பேரின் நோட்டுகளுக்கும் அட்டை போட்டதும் அவர்தான், மடிப்பு மாறாமல்.

ராமநாதபுரத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பியும், சேதுக்கரைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வண்டியை நிறுத்திவிட்டார்கள். அம்மா என் தோளைப் பிடித்தபடி நடந்தார். கரையில் கால் வைத்ததும் தரகர்கள் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு பேச்சில் ஒரு தொகை, உட்கார்ந்தபின் வேறொரு தொகை. திதி கொடுக்க வந்தவனிடமா இந்தப் பேரம்! மனசு கசந்துதான் போனது. நல்ல வேளையாக அய்யா வழக்கமாகப் போகும் சாஸ்திரிகள், ஆஞ்சநேயர் கோயில் பக்கமாக உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே, "ஹவில்தார் மகனா? வாங்கோ" என்றார்.

அய்யா, தாத்தா, பூட்டன் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். அய்யாவின் பெயரை அந்த வரிசையில் முதன்முதலாக இந்தக் கரையில் சொன்னபோது குரல் வரவில்லை. அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். அடுத்து, மற்ற உறவினர், நண்பர்களுக்காக விடும் காருண்ய தர்ப்பணம் வந்தது. சட்டைப்பையிலிருந்து அய்யாவின் சின்ன டைரியை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்கள். 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் அவரோடு போய்த் திரும்பாதவர்கள். ஒருவர் பரமக்குடிப் பக்கம், ஒருவர் மலையாளி, மூன்றாமவர் நாகர்கோவிலைச் சேர்ந்த கிறிஸ்தவர். அந்த மூன்றாவது பெயரில் நான் தயங்கினேன். சாஸ்திரிகளே எடுத்துக் கொடுத்தார்: "சொல்லுங்கோ தம்பி. உங்கப்பா இந்தப் பேரை விட்டதே இல்லை." சொன்னேன். எள்ளுத்தண்ணி விரலிடுக்கில் இறங்கியது. நான் பார்த்தே இராத அந்த மூன்று பேரும் அந்த நிமிஷத்தில் எனக்குச் சித்தப்பாமார் ஆனார்கள்.

முழுகி எழுந்தால் காலில் சுற்றுவதெல்லாம் பழைய வேட்டியும் சேலையும். துணியைக் கடலில் விடாதீர்கள் என்று எத்தனை சொன்னாலும் கேட்பாரில்லை. அய்யா வரும்போதே ஒரு சாக்கு கொண்டுவருவார். நானும் கொண்டுபோயிருந்தேன். மகனும் நானுமாக ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கரையேற்றிவிட்டுத்தான் ஈரம் மாற்றினோம்.

அங்கிருந்து திருப்புல்லாணி. ஆதி ஜெகந்நாதரையும் பத்மாசனித் தாயாரையும் சேவித்தோம். ஆனால் அம்மா எதற்காக வந்தார் என்பது தர்ப்பசயன ராமர் சந்நிதியில்தான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் நெட்டித் தள்ளுகிறது, "நகருங்க நகருங்க" என்று சத்தம். அம்மா கம்பியைப் பிடித்தவர் பிடித்தபடி நின்றார். சீதை பக்கத்தில் இல்லை. முன்னால் கடல், அதற்கப்பால் யுத்தம். ராமன் புல்லில் படுத்திருக்கிறான்.

"சண்டை நேரத்துல உங்கய்யா காயிதம் போட்டாக. 'இங்க வெறுந்தரையில வைக்கோல் விரிச்சுப் படுத்திருக்கேன், நம்ம புல்லாணி ராமர் மாதிரி. அவரு வீடு திரும்புன மாதிரி நானும் திரும்பிருவேன், பயப்படாத'ன்னு. அப்ப உங்கக்கா வயித்துல. நான் இங்க வந்து இதே இடத்துல நின்னேன்டா. கேட்டதக் குடுத்தான்."

ஐம்பது வருசத்துக்கு மேலாக எங்களிடம் சொல்லாத கதை. நகரச் சொன்னவர்கூட அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றார். என்ன வேண்டினேன் என்று கேட்டால் ஒன்றுமில்லை, ஒன்றுமே தோன்றவில்லை. திருப்பித் தந்தாயே பெருமாளே, திருப்பித் தந்தாயே, அதனால்தானே தம்பியும் நானும் பிறந்தோம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து பால்பாயசம் வாங்கினோம். அம்மா தன் பங்கைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "அந்த மூணு பேரையும் உன் நோட்டுலயும் எழுதிக்கப்பா" என்றார்.