யாழ்ப்பாணத்துக் குசினியில் இறைச்சி வெப்பமானி

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்து குடியேறுகிறவர்களின் பெட்டிக்குள் இறைச்சி வெப்பமானி ஒன்றும் வந்து சேருகிறது. அது எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். நெடுநேரம் கொதிக்கிற ஆட்டிறைச்சிக் கறிக்கு அது தேவையில்லை. முழுக்கோழியை ஓவனில் வாட்டும்போதுதான் தேவை. 230 வோல்ற் வரவேண்டிய மின்சாரம் 10 சதவீதம் இறங்கினால், ஓவனின் சூடாக்கும் வலு 19 சதவீதம் இறங்கிவிடும். ரொறன்ரோவில் பழகிய நேரக்கணக்கு இங்கே பிசகுவதற்கு அதுவே போதும். மணிக்கூட்டை விட்டுவிட்டுப் பாகையைப் பார்க்கவேண்டும். அதற்கு முதலில் வெப்பமானி சரியா என்று தெரியவேண்டும்.

குடாநாட்டில் இது சுலபம். கடல் மட்டத்தை ஒட்டிய சமதரை என்பதால் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். கல்கரியில் 96 அல்லது 97, நுவரெலியாவில் 94 அளவில்தான் கொதிக்கும். அங்கே திருத்திய கருவியை இங்கே மறுபடி பார்க்காமல் பாவிக்கவேண்டாம். ஆழமான சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் கம்பியை விட்டு அரை நிமிடம் பிடியுங்கள். கையில் ஆவி அடிக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். கேத்திலில் வெள்ளையாகப் படியும் நம் கிணற்றுத் தண்ணீரும் இதற்குப் போதும். கடல் நீரே அரைப் பாகை அளவுதான் கூடக் கொதிக்கும்.

இன்னொரு வழியான ஐஸ் சோதனையில் மட்டும் தண்ணீரைக் கவனிக்கவேண்டும். உப்பு, உறைநிலையைக் கூடுதலாகக் கீழே இழுக்கும். கடல் நீர் உறைய கிட்டத்தட்ட மைனஸ் 2 பாகை வேண்டும். ஆகவே உப்புக் கலந்திருக்கக்கூடிய, மீனுக்குப் போடும் பாள ஐஸ் வேண்டாம். வடிகட்டிய தண்ணீரை பிறிட்ஜில் உறையவைத்து, நொறுக்கி, கோப்பை நிறையப் போடுங்கள். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஐஸ் மிதக்கத் தொடங்கினால் அடித் தண்ணீர் 4 பாகை வரை ஏறி உங்களை ஏமாற்றும். நம் வெயிலில் அது விரைவாக நடக்கும், அதனால் உருகியதை வடித்து ஐஸ் சேர்த்துக்கொண்டே இருங்கள். கிளறி இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 0 காட்டவேண்டும். பின்பக்கப் பொத்தான் பாரன்ஹைட்டில் இருந்தால் 32.

ஒரு பாகை வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கவேண்டாம். அதற்கு மேல் போனால், முள் வெப்பமானியின் தலைக்குக் கீழே உள்ள அறுகோண நட்டைக் குறட்டால் பிடித்து, கம்பி ஐசுக்குள் இருக்கும்போதே தலையைத் திருப்பி 0க்குக் கொண்டுவரலாம். டிஜிற்றலில் திருத்தும் பொத்தான் இல்லையென்றால் பிழையை ஒரு துண்டில் எழுதி உறையில் ஒட்டிவிடுங்கள். எண் மங்கலாக இருந்தால் முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

ஐசோடு நிறுத்துகிறவர்கள் பலர். இறைச்சியின் பாகை 100க்குக் கிட்ட என்பதால் கொதிநீர்ச் சோதனைதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஐசில் 0, கொதிநீரில் 97 காட்டினால், அது கோழி வெந்ததற்கான 74 பாகையைக் காட்டும்போது இறைச்சி 76ல் இருக்கும். கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். கொதிநீரில் 103 காட்டினால் 74 என்பது உண்மையில் 72. ஆபத்து இந்தப் பக்கத்தில்தான்.

எத்தனை பாகை என்பதில் ஒரே வீட்டுக்குள்ளும் வாதம் வரும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் கோழிக்கு 74 என்கிறது. கனடாவின் சுகாதாரத் திணைக்களம் துண்டுக்கு 74, முழுக்கோழிக்கு 82 என்கிறது. பிரித்தானியாவில் 70 பாகையில் 2 நிமிடம். முழுக்கோழிக்கு கனடாக் கணக்கே நல்லது. தொடைச் சந்து கடைசியாகத்தான் வேகும். அந்தச் சந்தின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்துங்கள்.

முள் வெப்பமானியின் உணரும் பகுதி 5 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம். மெலிந்த ஊர்க்கோழியின் தொடைக்குள் அது முழுதாகப் புகாது, வெளிச்சூடும் கலந்துவிடும். அதற்கு நுனியில் மட்டும் உணரும் டிஜிற்றலே சரி. கழுவும்போது கம்பியை மட்டும் கழுவுங்கள். வயர் பொருந்தும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் எண் கண்டபடி துள்ளும். கீழே விழுந்தால் அன்றே ஐசிலும் கொதிநீரிலும் மறுபடி பாருங்கள்.