பிளாப் 2-க்கு மான்செஸ்டர் போகிறவர்களே, தேர்வு உடுப்பைக் கைப்பையில் வையுங்கள்

வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பிரிட்டனில் வேலை பார்க்க எழுதும் தேர்வின் செய்முறைப் பகுதிதான் பிளாப் 2. இன்று காலை அதன் ரிசல்ட் வந்தது, பாஸ். படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இரண்டு மாதம் போனால் எல்லாமே சுலபமாக இருந்ததுபோல் தோன்றிவிடும். ஸ்டேஷன்களுக்கு, அதாவது நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவரைப் பார்த்துப் பேசும் குட்டிச் சுற்றுகளுக்கு, எப்படித் தயாராவது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது பெட்டியைப் பற்றி.

இடையில் விமானம் மாற எனக்கு இருந்தது 55 நிமிடம். நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன், என் பெட்டியை ஏற்றவில்லை. மான்செஸ்டரில் லக்கேஜ் பெல்ட்டில் யாருடையதோ ஒரு குழந்தை வண்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அப்புறம் பெல்ட்டும் நின்றுவிட்டது. தேர்வுக்கு முன்னால் இருந்தது ஒரே நாள். சட்டை, காலணி, ஸ்டெதாஸ்கோப், ஆறு மாதமாக எழுதிய நோட்டு எல்லாம் அந்தப் பெட்டியில்.

அந்த ஒரு நாளில் தோழியோடு முழு மாக், அதாவது மாதிரித் தேர்வு, செய்து பார்ப்பதாக இருந்தது. அதை விட்டுவிட்டு மழையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவசரத்தில் வாங்கிய காலணி கொஞ்சம் இறுக்கம், நான்காவது ஸ்டேஷனுக்குள் குதிகால் கொப்பளித்துவிட்டது. அடுத்ததில் கெட்ட செய்தி சொல்ல வேண்டும், எதிரில் அந்த அம்மா அழுகிறார், என் கவனம் முழுக்கக் குதிகாலில். நான் தேறாத ஸ்டேஷன்களில் அதுவும் ஒன்று. 8 நிமிடத்தில் போன கவனத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

அதனால் கைப்பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

- முழங்கைக்கு மேல் நிற்கும் கை வைத்த சட்டை, பேன்ட். வீட்டிலேயே ஒரு முறை போட்டு, குனிந்து நிமிர்ந்து பாருங்கள்.
- பழகிய காலணி. புதிது வேண்டவே வேண்டாம். முடிந்தால் அதையே போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.
- ஸ்டெதாஸ்கோப், நோட்டு.
- பாஸ்போர்ட், தேர்வு உறுதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி. போன் எந்த நேரமும் சார்ஜ் தீர்ந்துபோகலாம்.
- தினமும் போடும் மாத்திரைகள், அட்டையோடும் மருந்துச் சீட்டோடும்.
- பவர் பேங்க். இதைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை.

மற்றதெல்லாம் பெட்டியில் போகட்டும், வராவிட்டாலும் சமாளிக்கலாம். செவ்வகமான மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் ஒன்று, தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று. குளிர்காலத் தேதி என்றால் உள்ளே போட ஒரு தெர்மல், டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். இறைச்சி, பால் பொருட்கள் எடுத்துப் போகாதீர்கள், சட்டப்படி அனுமதி இல்லை.

நான் பதற்றப்படுகிற ஆள், அதனால் இனி தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாகத்தான் போய் இறங்குவேன். நிதானமான ஆட்களுக்கு இரண்டு நாள் போதுமோ என்னவோ. ஆனால் 55 நிமிட இடைவெளியில் டிக்கெட் போடாதீர்கள், விலை குறைவாக இருந்தாலும் சரி.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் நஷ்ட ஈடு கேட்க வேண்டும். என் பெட்டி மூன்றாம் நாள் வந்தது. காலணி ரசீதை அப்போதே அனுப்பிவிட்டேன், இன்றுவரை பதில் இல்லை.